சொந்த மைதானத்து ஆட்டம்

இல்லண்ணே, நான் சண்டைக்கு வரல. சண்டைக்கு வர்றவ குழந்தைய வேன்ல தூங்க வச்சிட்டா வருவா? இடுப்புல தூக்கிட்டு வந்து நின்னாத்தான உங்களுக்கும் ஒரு பயம் இருக்கும்.

ஆமா, தெரியும். உள்ள வர்ற வண்டியத்தான் விடணும், வெளிய போற வண்டிய விடக்கூடாது, பாட்டுக் கச்சேரி முடியிற வரைக்கும் இது ஒருவழிப் பாதை. இத ஏற்கனவே உங்க ஆளுங்க மூணு பேர் சொல்லிட்டாங்க. கொடியப் பிடிச்சு நிக்கிற நீங்க நாலாவது. உங்க மஞ்சச் சட்டை மட்டும்தான் கொஞ்சம் கசங்கி இருக்கு, அதான் இவர்கிட்ட பேசலாம்னு தோணுச்சு.

அந்த வெள்ளை வேன் தெரியுதா? வேலியோரமா நிக்குதே. காய்கறி ஏத்துற வண்டி. உள்ள ஏறுனா முட்டைக்கோஸ் நாத்தம் குடலப் பிடுங்கும். அதுக்குள்ளதான் பன்னெண்டு பொண்ணுங்க, ஒரு மூட்டை பந்து, என் மக. நாங்க ஃபுட்பால் டீம்ணே.

சிரிங்க, சிரிங்க. நான்தான் கேப்டன், கோல்கீப்பரும் நான்தான். பெத்தவளுக்கு எதையும் பாஞ்சு பிடிக்கிற பழக்கம் தானா வந்துருது. மேசை விளிம்புல போற டம்ளர், கட்டில் விளிம்புல போற பிள்ளை. பந்தெல்லாம் எனக்கு ஒரு கணக்கா?

இன்னிக்கு எங்களுக்கு மேட்ச். எங்கன்னு கேளுங்க. எங்க மைதானத்துல. அட்டவணையில அப்படித்தான் போட்டிருந்தான். ஆனா எங்க மைதானத்துலதான் இப்ப உங்க மேடை நிக்குதே. பெனால்டி அடிக்கிற இடத்துல ஸ்பீக்கர அடுக்கி வச்சிருக்காங்க, பாத்தீங்களா? கோல் கம்பத்தப் பிடுங்கி கழிப்பறை கூடாரத்துக்கு முட்டுக் குடுத்திருக்காங்க. நான் நிக்கிற இடம்ணே அது. சரி, உங்கள சொல்லி என்ன.

லீக் ஆபீஸ்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? உங்க மைதானம் காலியா இல்லாதது உங்க தப்பு, அதனால எதிர் டீம் ஊருக்கு நீங்க போங்கன்னுட்டாங்க. எங்க சொந்த மைதானத்து ஆட்டத்துக்கு மலை தாண்டிப் போறது நாங்க.

கிட்ட எங்கயும் டீம் இல்லையான்னா கேக்குறீங்க? ஏன் இல்லாம! அதோ, ஆத்துக்கு அந்தக் கரையில ஒரு டீம். அவங்க கோல் போட்டு கத்துனா என் அடுப்படியில கேக்கும். அந்த டீம்ல பின்னாடி ஆடுறவ என் சொந்த நாத்தனா. ஆனா அவங்களோட எங்களுக்கு ஆட்டமே கிடையாது. அவங்க கெழக்கு மண்டலம், நாங்க மேக்கு மண்டலம். ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் அளவுகோல் வச்சு கோடு போட்டாரு, அது எங்க ஆத்து மேலயா வந்து விழணும்.

நேர்லயே போய்க் கேட்டேன். செயலாளர் நல்ல மனுசன், உக்காரச் சொன்னாரு. மேப்ப விரிச்சு, பாரும்மா, உங்க ஊர் இங்க, நீங்க போக வேண்டிய ஊர் இங்க, சுண்டுவிரல் நீளம்தானன்னாரு. நடுவுல மலை இருக்கே சார்னேன். மேப்புல சமமாத்தானம்மா இருக்குன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சுத் தொலைச்சேன். பெரிய மனுசங்க சிரிச்சா வாய் தன்னால இளிச்சிருது.

அந்த மலையிலதான் போன மாசம் மண்ணு சரிஞ்சு, ஒரு ஆட்டத்துக்குப் போக முடியாம திரும்பி வந்தோம். அதோட சொல்லிட்டாங்க, இன்னொரு தடவை வரலைன்னா உங்க டீமையே லீக்லேந்து எடுத்துருவோம்னு. இனிமே சேத்துக்கவும் மாட்டாங்களாம். நீங்க ரொம்பத் தூரத்துல இருக்கீங்கம்மா, எல்லாருக்கும் கஷ்டம்ங்கிறாங்க.

லீக்குக்கு நாங்க தூரம். பாட்டுக்கு மட்டும் பக்கமாண்ணே? ரெண்டுக்கும் இதே ரோடுதான? பட்டணத்துலேந்து எத்தன ஆயிரம் பேர் வந்து எறங்குறாங்க, ஒருத்தருக்கும் தூரமாத் தெரியலையே.

உங்க நோட்டீஸ்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா? மனுச நடமாட்டமே இல்லாத வெட்டவெளியில மூணு நாள் இசைன்னு. கீழ படம். படத்துல தூரத்துல ஒரு வீடு தெரியுது பாருங்க, கொடியில துணி காயுது. அது என் பாவாடைண்ணே. அந்தப் பாவாடை பேயா கட்டுது?

அத விடுங்க. காலையில உங்க ஆளுங்க வீடு வீடா வந்து கையில பச்சைப் பட்டை கட்டிவிட்டாங்க. இது இருந்தாத்தான் ஊருக்குள்ள நடமாடலாமாம். வெளிய போனா பட்டைய வெட்டிருவாங்களாம், திரும்ப உள்ள வரணும்னா டிக்கெட் எடுக்கணுமாம். என் வீட்டு அடுப்படிக்குப் போக நான் டிக்கெட் எடுக்கணும். இந்தக் கொடுமைய எங்க மாமியார்கிட்ட சொல்லி அழலாம்னு போனா, அவங்க கைய நீட்டி, வளையலுக்குப் பொருத்தமா இருக்குல்லங்கிறாங்க.

அட, கேக்காமயா இருப்பேன்? போன வாரமே உங்க மேனேஜர்கிட்ட கேட்டேன். வேன் வெளிய போகணும், வழி விடுவீங்களான்னு. தாராளமா போங்கக்கான்னாரு. என்னைய விட பத்து வயசு பெரியவரு, அக்காங்கிறாரு. இப்ப அவர எங்கன்னு தேடுறது? போன் அடிச்சாலும் எடுக்க மாட்டேங்கிறாரு. எடுத்தாலும் அந்த டமடமவுல என்ன கேக்கும்? காலையிலேந்து எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் பல்லு தந்தியடிக்குது.

நடந்து போறதா? அதையும் யோசிச்சோம். மெயின் ரோடு வரைக்கும் எதிர்ல காரா வருது, ஒண்ணாவது வெளிய போற வண்டியா இருந்தாத்தான ஏத்திக்கச் சொல்றது. படகுல ஆத்தத் தாண்டலாம்னு ஒருத்தி சொன்னா. ஆத்தத் தாண்டுனா கெழக்கடி, மேட்ச் மேக்கன்னேன். சுண்டெலின்னு கூப்பிடுவோம் அவள. முன்னாடி ஆடுறவ. ஆளு இத்துனூண்டு, ஓட ஆரம்பிச்சா கண்ணுக்கே தெரிய மாட்டா. இந்த வருசம் மட்டும் ஒம்போது கோல். அவ வீட்டுல, லீக்ல ஆடுற வரைக்கும்தான் இதெல்லாம், அப்புறம் ஒழுங்கா வீட்டோட கெடன்னு சொல்லி வச்சிருக்காங்க.

எதுக்குண்ணே கொடிய சுருட்டுறீங்க? யாருக்குப் போன் போடுறீங்க? வேணாம், வைங்க. ஒரு வண்டிதான, ஓரமா விட்டுரலாம்னு நெனைக்கிறீங்க. புரியுது. நல்லா இருப்பீங்க. ஆனா உங்க வேலை போயிரும்ணே, எங்களால எதுக்கு.

அதுவும் இல்லாம, இனிமே தேவையும் இல்ல. வேன்லேந்து இறங்கி உங்ககிட்ட வர்றதுக்குள்ளயே ரெஃப்ரி போன் பண்ணிட்டாரு. காத்திருக்க வேண்டியதுக்கு மேலயே காத்திருந்தாராம். எதிர் டீம் கேப்டன் கூட, இன்னும் கொஞ்சம் இருங்க சார், வந்துருவாங்கன்னுச்சாம். ரூல்ஸ்ம்மா, நான் என்ன பண்றதுன்னு சொல்லிட்டு, அவங்க ஜெயிச்சதா எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. சரி சார்னு சொல்லி வச்சிட்டேன்.

உள்ள இருக்கதுங்களுக்கு இன்னும் தெரியாதுண்ணே. பாருங்க, எப்படி ஜன்னல்ல ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து எட்டிப் பாக்குதுங்க. நான் கைய ஆட்டி ஆட்டிப் பேசுறதப் பாத்து, அக்கா எப்படியும் வழி வாங்கிரும்னு நெனச்சிட்டு இருக்கும். பூட்ஸ் எல்லாம் மாட்டி, லேஸ் இறுக்கிக் கட்டி உக்காந்திருக்குதுங்க.

அதனால நீங்க முடியாது, முடியாதுன்னு தலைய ஆட்டிட்டே இருங்கண்ணே. கொஞ்ச நேரத்துக்கு. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.