பாட்டு அறையில் நெல் மூட்டை

வில்லியனூரில் பேருந்து ஏறினால் நிம்மதி கிடையாது. இன்று என் முழங்காலை ஜோடி ஸ்பீக்கர் வைத்த ஒரு பெட்டி இடித்துக்கொண்டே வந்தது. அதை மடியில் வைத்திருந்தவரிடம் அவர் மனைவி திடீரெனக் கத்தினார்.

"யோவ், நேத்து பாடுனது ஸ்பீக்கரே இல்ல. நெல்லு மூட்ட!"

"இன்னாடி ஒளர்ற?"

"கடைக்காரரு கேட்டுப் பாக்கச் சொல்லி ரெண்டு ஜோடி குடுத்தாரு. வூட்ல இருக்கறது தேனாட்டம் பாடுதுன்னு இத திருப்பிக் குடுக்கப் போற. பாட்டு கேக்கற ரூம்ல சுத்தியும் மூட்ட அடுக்கியிருக்கு, அதான் எதிரொலி இல்ல. நாளைக்கு வியாபாரி லாரில ஏத்திட்டா?"

அவர் வாயைப் பிளந்தார்.

"ஐயய்யோ, காலி ரூம்ல காதக் கிழிக்குமேடி! எத்தினி வருஷத்து ஆச!"

"எறங்குய்யா. மூட்ட போனப்புறம் ரெண்டையும் மறுபடி கேப்போம்."

"வேணாம், இரு." போனை எடுத்து நெல் வியாபாரியை அழைத்தார். "அண்ணே, லாரி வரட்டும். சொவுத்தோரம் இருக்கற மூட்டய மட்டும் விக்கமாட்டேன். வெதைக்கா? இல்லண்ணே, பாட்டு கேக்கறதுக்கு!"

மனைவி சிரித்தார். "எலி வந்தா?"

"அதுவும் உக்காந்து கேக்கட்டும்டி!"