கடிக்காத மீன்

மதராஸிலிருந்து திரும்பும் ரயிலில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஒருவர் காலிக் கூடையை மடியில் வைத்தபடி மைத்துனரிடம் சொன்னார்:

“மீனுக்கு என் கை நாத்தம் புடிக்கலயாம், மச்சான்.”

“யாரு சொன்னது?”

“படகுக்காரன்தான். ஆசைக்கு ஒரு நாள் கடல்ல தூண்டில் போடலாம்னு போனேன். ஒண்ணுகூட கடிக்கல. இரையில, நாம தோல் பதம் பண்ற ஆவாரம்பட்டை வாடையாம். அடுத்த வாட்டி சீயக்கா போட்டுக் கையத் தேய்ச்சுட்டு வான்றான்.”

“நீ இன்னா சொன்ன?”

எதிர் இருக்கையில் இருந்த பயணி ஒருவர் இவர்கள் ஏறியதிலிருந்தே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். கூடைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

“தேய்க்க மாட்டேன்னேன். அடுத்த மாசமும் இதே கையோடதான் வருவேன்னேன். என் புள்ளைங்க இந்தக் கையாலதான் சோறு துன்னுதுங்க, ஒண்ணும் மூஞ்சி சுளிக்கல. மீனுக்கு இன்னா கேடு? புடிக்கலன்னா பட்டினி கெடக்கட்டும்!”