பெரட்டு மணி அடித்த வெள்ளம்

ஓடுகிறோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. இன்னும் விடியவில்லை. கிள்ளானுக்குப் போகும் ரயில் மேடு ஒன்றுதான் இங்கே உயரம். என் இடுப்பில் கைக்குழந்தை. பக்கத்தில் தங்கை அஞ்சலை.

"மேட்டுக்கு ஓடுங்க! கடலு ஏறுது!" பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணன் கத்துகிறார்.

அப்போது மணி அடித்தது. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் இரும்பு விழும் சத்தம். பெரட்டு மணி. ரப்பர் தோட்டத்தில் தினமும் விடியுமுன் எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட அடிப்பார்களே, அதே மணி.

பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. வெள்ளத்திலும் அந்தப் பயம் போகவில்லை.

"அக்கா, பேரு போயிடும். நீ பிள்ளைய தூக்கிட்டுப் போ. நான் வரேன்."

"வேணாம்டி! அஞ்சலை!"

போய்விட்டாள்.

ஜெர்மன் சண்டைக் காலம் அது. குண்டு ஒன்றும் இங்கே விழவில்லை. ஆனால் சண்டைக்கு ரப்பர் வேண்டுமாம். மலைச்சரிவெல்லாம் மொட்டையடித்து ரப்பர் நட்டார்கள். செலாயாங் பக்கத்து ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட மணல் ஏற்கனவே ஆற்றை மேடாக்கியிருந்தது. முகத்துவாரத்தில் அலையைத் தடுத்து நின்ற பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்களையும் விறகுக்கு வெட்டித் தீர்த்தார்கள். மேலிருந்து மழைத் தண்ணீர். கீழிருந்து கடல். நடுவில் பள்ளத்தில் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயம். மேட்டு நிலத்தைக் கூலிக்காரனுக்கா கொடுப்பார்கள்?

பெரட்டுக்குப் போனவர்களை ஆற்றங்கரையில் மண் போட அனுப்பினார்கள். கரை போனது. பெரிய மரம் சாய்வது போல ஒரு சத்தம். பிறகு அலறல். பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

தானாக உடைந்தது என்கிறார்கள். நான் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை. வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். உடைப்பின் ஒரு முனை மண்வெட்டியால் வெட்டியது போல நேராக இருந்தது. எதிர்க்கரையும் எங்கள் துரையின் தோட்டம்தான். அங்கே புதிதாக நட்ட கன்றுகளின் அடிகூட நனையவில்லை. மணி அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். கங்காணி, கணக்கெழுதும் கிராணியைக் காட்டினான். கிராணி துரையின் பங்களாவைக் காட்டினார். பங்களாவில் யாரைக் கேட்பது?

போனவை இவை. லயம் ஒன்று. ஆடுமாடு எல்லாம். மாரியம்மன் கோயில் கூரை. ஆட்கள் பதினொன்று என்றார் கிராணி. பிணம் கிடைக்காத மூன்று பேரை அவர் அதில் சேர்க்கவில்லை. தோட்டத்தை விட்டு ஓடிப்போனவர்களாம். அந்த மூவரில் அஞ்சலையும் ஒருத்தி.

பதினான்கு பேர். ஓடியவள் நான். அவள் ஓடவில்லை.