டர்போவுக்கு முன்னால் ஒரு துளை

துளை போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. அடுத்தவர் வண்டியில் டிரில்லை வைப்பதற்கு முன் சரியான இடம்தானா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பேன். பார்த்த பிறகும் சந்தேகம் போகாது. அந்த ஜீப்பின் புகைக்குழாயில் ஏன் இரண்டு துளைகள் இருக்கின்றன, அதில் ஒன்று ஏன் போல்ட் போட்டு அடைபட்டிருக்கிறது என்று நீங்கள் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை, சார். யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜீப் என் மாமாவுடையது. அக்கா வீட்டுக்காரர். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்குவாரியில் அவருக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. குடியிருக்க வீடும் கொடுத்தார்கள். சாமான்களை டிரெய்லரில் ஏற்றி ஜீப்பிலேயே இழுத்துப்போய்விடலாம் என்று முடிவு செய்தார். அவ்வளவு சுமைக்கு வண்டியில் வலு போதாது. "கொஞ்சம் முறுக்கிக் குடுடா" என்றார். டர்போ டீசல் வண்டிகளை டியூன் செய்வதுதான் என் பிழைப்பு.

அதில் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. டீசலைக் கூட்டினால் வலு கூடும், கூடவே சூடும் கூடும். வெளியேறும் புகை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்தால் உள்ளே பிஸ்டன் படும் பாடு தெரிந்துவிடும். அதற்குத்தான் புகைக்குழாயில் ஒரு சென்சாரும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு மீட்டரும். எழுநூறு டிகிரியைத் தொட்டால் காலைத் தளர்த்தி கியரைக் குறைக்க வேண்டும். சென்சாரை, புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை ஊதும் டர்போவுக்கு முன்னால் வைக்க வேண்டும். டர்போவைச் சுழற்றிவிட்டு வரும் புகை கொஞ்சம் சூட்டை அங்கேயே விட்டுவிட்டு வரும். பின்னால் வைத்தால் மீட்டர் நூறு, நூற்றைம்பது குறைத்துக் காட்டும். நான் போகும் மெக்கானிக் மாலை வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

முதல் துளையை முறைப்படிதான் போட்டேன். டிரெய்லரில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மூவரும் ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டில் ஓட்டிப்பார்த்தோம்.

"என்ன டாக்டர், என் வண்டிக்குக் காய்ச்சல் பாக்குற மெஷினா இது?" என்றார் மாமா. அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா ஒரு மாத்திரை போட வைக்க நான் கெஞ்சணும். வண்டிக்குன்னா மட்டும் உடனே டாக்டர்" என்றாள் அக்கா.

"வண்டி சொன்னா கேக்கும்டி."

முள் எழுநூறை நெருங்கியதும் காலைத் தளர்த்தினார். வண்டி மெதுவாக, அலுங்காமல் மேட்டில் ஏறியது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இந்த மீட்டர் இருக்கும்வரை அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் எதையும் நம்பாதவன், என்னையே நம்பாதவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவேன். அக்கா ஜன்னலிலிருந்தே, "பூட்டிட்டே, போடா" என்பாள். அவள் சொன்னால் எனக்குப் போதும். அவள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அதை யார் சொல்வார்கள் என்று யோசித்தேன். இதெல்லாம் ஒரு காரணமா என்று உங்கள் முகம் கேட்கிறது. நானும் கேட்டுப்பார்த்தேன். வேறு காரணம் கிடைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சென்சாரைக் கழற்றி, டர்போவுக்குப் பின்னால் இன்னொரு துளை போட்டு அதில் பொருத்தினேன். பழைய துளையை அடைத்தேன். டீசலை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். எழுநூறு என்ற கணக்கை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை.

என் திட்டம் சின்னது. முதல் ஏற்றத்திலேயே பிஸ்டன் உருகி வண்டி நின்றுவிடும், கட்டி இழுத்து ஊருக்குக் கொண்டுவருவோம். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க நாளாகும், அதற்குள் குவாரிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மாமா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். புது இன்ஜினை என் செலவில் செய்து கொடுப்பதாகக்கூட இருந்தேன்.

"மாமா ரோட்டைப் பாக்கட்டும். நீ மீட்டரைப் பாருக்கா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவள் அதைப் பொறுப்பாகச் செய்தாள். வழியெல்லாம் படித்துச் சொல்லியிருக்கிறாள்: ஐநூற்று ஐம்பது, அறுநூறு, அறுநூற்றுச் சொச்சம். அவள் சொன்னதை நம்பி அவர் மிதித்திருக்கிறார்.

இன்ஜின் நான் நினைத்ததைவிடக் கெட்டி. முதல் ஏற்றத்தில் நிற்கவில்லை. உச்சிக்குக் கீழே இருக்கும் கடைசி வளைவில்தான் நின்றது. மாமா கிளட்சை மிதித்து மறுபடி ஸ்டார்ட் செய்யப் பார்த்திருக்கிறார். டிரெய்லர் பின்னால் இழுக்க ஆரம்பித்தது. இன்ஜின் ஓடாவிட்டால் ஒன்றிரண்டு மிதியோடு பிரேக் பெடல் கல்லாகிவிடும், வண்டியைப் பிடிக்காது, சார். அது எனக்குத் தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். தெரியும். சென்சாரை மாற்றும்போதே அது மனதில் வந்தது. முதல் ஏற்றம் அவ்வளவு செங்குத்து இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பினேன்.

அக்காவைக் குதிக்கச் சொல்லிவிட்டு அவர் ஸ்டியரிங்கை விடாமல் இருந்திருக்கிறார். அவள் கை முறிந்ததோடு பிழைத்தாள். அவர் வண்டியோடு பள்ளத்தில் போனார்.

இப்போது அவள் என்னோடுதான் இருக்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பாள். "அறுநூறுன்னுதான்டா பாத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. ஒருவேளை எழுநூறோ? எண்ணூறோ? வெயில்ல கண்ணு கூசிச்சு."

அவள் சரியாகத்தான் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். நான் சொல்வது வேறு. "விடுக்கா. யாருக்கும் நடக்கும்."

கண் டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். பவர் லேசாக மாறியிருக்கிறது என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அவள் போட்ட சோறு உள்ளே இறங்கவில்லை என்பதை எழுத வேண்டாம். அது சலுகை கேட்பதுபோல் இருக்கும்.

தன் தப்பினால்தான் அவர் போனார் என்று அவள் இந்த ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அதுவரை எனக்கு அது தெரியாது. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் சொல்லிவிட்டேன். துளையை அடைத்தது நான். அவரைக் கொன்றதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத் துணையாக வந்திருக்கிறாள். இதை அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டாம், சார். எனக்காகக் கேட்கவில்லை. எத்தனையோ தேற்றி, இப்போதுதான் அவள் தன்னைக் கொஞ்சம் மன்னிக்கத் தொடங்கியிருக்கிறாள். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.