வலை ஈயம்

அது ஆயுதக் குழாய் இல்லை சேர், தண்ணிப் பைப். கிட்ட வந்து பாருங்கோ, நுனியில மரை வெட்டின அடையாளம் இன்னும் கிடக்குது. குழாய்க்கிணறு அடிக்க வந்த ஆக்கள் விட்டிட்டுப் போன பைப்பை வாங்கி, நான்தான் வளைச்சு வெல்ட் பண்ணினனான். ஓடேக்க கார் பிரண்டாலும் கூரை நசிஞ்சு ஓட்டுறவற்ற தலையில இறங்கக்கூடாதெண்டு போடுறது. பேசாலையில என்ர வெல்டிங்கை இண்டைவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. உங்கட ஆக்கள் எண்டா துவக்குப் பிடியால தட்டித் தட்டிப் பாக்கினம். தட்டட்டும், அது உடையாது.

இல்லை சேர், கதிரை வேண்டாம். நிண்டே சொல்லுறன். காருக்குப் பக்கத்தில நிண்டாத்தான் எனக்குக் கதை வரும்.

இந்தப் பையோ? உடுப்புத்தான். கேற்றடியில கொட்டி, உதறிப் பாத்திட்டுத்தான் விட்டவை. கையிலயே இருக்கட்டும், பாரமில்லை.

உங்களுக்குத் தமிழ் நல்லா விளங்குமெண்டு பங்குச் சுவாமி சொன்னவர். அதாலதான் துணிஞ்சு வந்தனான். கேற்றில நிக்கிற பிள்ளையளுக்கு நான் சொல்லுற ஒண்டும் விளங்கேல்லை, எனக்கும் மாத்தையா எண்டதுக்கு மேல சிங்களம் வராது. யாகப்பர் எண்டா பேசாலையில எல்லாருக்கும் தெரியும். லொறி, வான், வள்ளத்து இஞ்சின் எல்லாம் பாக்கிறனான். நீங்கள் உள்ள வைச்சிருக்கிற யேசுதாசன் என்ர மகள் சிசிலியாவின்ர மனுசன். போன ஈஸ்டர் முடிஞ்ச கையோடதான் கலியாணம் நடந்தது. நேற்றுச் சுத்திவளைப்பு நேரம் நான் துறையில ஆரோ ஒருத்தற்ற வள்ளத்து இஞ்சினைக் கழட்டிக்கொண்டு நிண்டன். கராஜில அவன் மட்டும்தான் நிண்டவன். காரை மூடியிருந்த படங்கை இழுத்துப் பாத்தவுடன, காரைக் கயிறு கட்டி இழுத்து, அவனையும் கட்டின சாரத்தோட ஏத்திக்கொண்டு வந்திட்டினம். நான் நிண்டிருந்தா என்னைத்தான் ஏத்தியிருப்பினம். கராஜ் என்ர பேரிலதானே.

கார் ஜவாஹிர்ட. எருக்கலம்பிட்டியாள். தொண்ணூறில முஸ்லிம் சனத்தை எழுப்பேக்க புத்தளத்துக்குப் போய், சமாதான காலத்தில திரும்பி வந்தவர். வரேக்க இந்த ரெண்டு கதவு ஹொண்டாவையும் கொண்டு வந்தவர். கார் எண்டா அந்த மனுசனுக்கு உயிர். களுத்துறைப் பக்கம் ஒரு பழைய விமான ஓடுபாதை இருக்காமே, அதில சில நாளைக்குக் கார்க்காரருக்குத் திறந்து விடுவினமாம். போட்டி கீட்டி இல்லையாம். றோட்டில ஓடுற காரையே கொண்டுபோய், ஏலுமான வேகத்தில ஓடிப் பாக்கிறதாம். யாகப்பண்ணை, அதுக்கு ஏத்தமாதிரி எனக்கு இதைச் செய்து தாங்கோ எண்டு வந்து நிண்டார். எனக்கு வேறை வேலை இல்லையோ எண்டுதான் முதல்ல பேசினனான். பேந்து பொனற்றைத் திறந்து பாத்தன் சேர். பாத்தாப் பிறகு ஆர் விடுவினம்.

ஆறுதலாச் சொல்லுறன். நீங்கள் ஒவ்வொண்டாக் கேளுங்கோ.

பின் சீற் இல்லாதது பாரம் குறைக்க. கார்ப்பெற், கதவுக்கு உள்பக்க மட்டை, ரேடியோ, எல்லாம் கழட்டினது அதுக்குத்தான். வேணுமெண்டா ஆளை அனுப்புங்கோ, எல்லாம் கராஜில பின்னுக்குச் சாக்கில கட்டிக் கிடக்குது. மார்த்தா எடுத்துக் குடுப்பா, மார்த்தா என்ர மனுசி. ஸ்பிரிங்கை விறைப்பாப் போட்டது வளைவில கார் சரியாம நிக்க. சாமான் ஏத்திறதுக்குப் போட்டதெண்டு உங்கட ஒரு தம்பி சொன்னதாம். சாமான் ஏத்திறதெண்டா இருக்கிற சீற்றை வைச்சுக்கொண்டு, அதுக்குக் கீழ ஏத்தாமல், ஏன் உள்ளை எல்லாத்தையும் வெறுமையாக்கி, வாறவன் போறவன் எல்லாரும் எட்டிப் பாக்கிறமாதிரி வைச்சிருக்கப் போறம்?

லைற்றில ஒட்டின ரேப்போ? அது இருட்டில ஒளிச்சு ஓடுறதுக்கில்லை சேர். முன்னுக்குப் போற கார் கல்லெறிஞ்சு கண்ணாடி உடைஞ்சா, துண்டுகள் ஓடுபாதையில சிந்தக்கூடாது. பின்னுக்கு வாறவன்ர டயர் போயிடும். அது அங்கத்தைய சட்டம். பகலிலதான் ஓடுறது, அதால லைற் தேவையில்லை.

ஓம், அந்தச் சிவப்பு ஸ்விச். அதைத்தான் கேப்பியள் எண்டு தெரியும். கார் பிரண்டு ஓட்டுறவர் மயங்கிப்போனா, வெளியில நிக்கிறவன் ஓடிவந்து அதை முறுக்கவேணும். உடன கரண்ட் முழுக்க நிண்டிடும், நெருப்புப் பிடியாது. அதாலதான் வெளிப்பக்கத்தில இருக்கு. கொழும்பில அதுக்கெண்டே ஸ்விச் விக்கினமாம், இஞ்ச எங்க எடுக்கிறது. பழைய வள்ளத்து இஞ்சினில கிடந்ததைக் கழட்டிப் போட்டம். வயரும் அதில இருந்ததுதான், முழுக்கச் சிவப்பு. கறுப்பு, நீலமெண்டு கலர் பிரிச்சு இழுக்க மன்னாரில அப்ப வயர் வந்ததோ, நீங்களே சொல்லுங்கோ. சமாதானத்துக்கு முதல் பற்றறிக்குக்கூட உங்கட ஆக்களிட்டைக் கடிதம் வாங்கவேண்டியிருந்த இடமிது, கடையள் அப்ப இன்னும் நிமிரேல்லை.

நீங்கள் சிரிக்கிறியள். சிரிச்சது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக் கிடக்குது.

ஜவாஹிரைக் கேக்கலாம்தான். அவர் கட்டாரில. சண்டை திரும்பத் துவங்கினவுடன, யாகப்பண்ணை படங்கைப் போட்டு மூடி வையுங்கோ, பாதை திறக்க வாறன் எண்டிட்டுப் போனவர். நேற்றுப் பின்னேரம் முழுக்க ரவுணில போன் அடிச்சுப் பாத்தன், மணியே போகுதில்லை. கார் ஒருநாளும் ஓடுபாதையைக் காணேல்லை சேர். பூசை முடிஞ்சு வந்து ஞாயிற்றுக்கிழமையில ஒருக்கா ஸ்ராட் பண்ணி, முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு முழம் உருட்டுவம். மூடி வைச்சாப் பிறகு அவ்வளவுதான் அது ஓடின ஓட்டம்.

ஈயம்.

ஓம் சேர், ஈயத்துக்கு வாறன். நீங்கள் அதைக் கையில வைச்சு உருட்டிக்கொண்டு நிக்கிறதைக் கண்டுகொண்டுதான் நிக்கிறன்.

அது வலைக்குக் கட்டுற ஈயம். வலையின்ர அடிக்கயிறு தண்ணியில தாழ்றதுக்குக் கட்டுறது. பேசாலையில எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு வாளி கிடக்கும். இப்ப வெடிக்கிற சாமானுக்குள்ள இரும்பும் ஈயமும் போட்டு அடைக்கினம் எண்டு நானும் கேள்விப்பட்டிருக்கிறன். ஸ்விச், சிவப்பு வயர், பின்னுக்கு இடப்பக்க மூலையில ஒரு பை நிறைய ஈயம், எல்லாம் ஒண்டாக் கிடந்தா நீங்கள் என்னத்தை நினைப்பியள். உங்கட இடத்தில நிண்டா நானும் அதைத்தான் நினைச்சிருப்பன். எங்களுக்கு அந்த நினைப்பு வரேல்லை. ஈயத்தைக் கண்டா எங்கட சனத்துக்கு மீன்தான் ஞாபகம் வரும்.

ஏன் வைச்சதெண்டா, பின்பக்கத்தில எல்லாத்தையும் கழட்டினாப் பிறகு, ஜவாஹிர் போக முதல் றோட்டில ஓடிப் பாத்தம், பிரேக் அடிக்கேக்க கார் வால் ஆட்டத் துவங்கிச்சுது. ஓட்டுறவரும் வலப்பக்கம். இடப்பக்கம் பின்னுக்குக் காத்து மாதிரி. நான் ஸ்பிரிங்கை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்து விசர் பிடிச்சு இருக்கேக்க, யேசுதாசன் வந்து, மாமா, வள்ளம் ஒரு பக்கம் சாஞ்சா மற்றப் பக்கத்தில பாரம் வைக்கிறேல்லையோ, அதுமாதிரி இதுக்கும் வைச்சால் என்ன எண்டான்.

சொன்னான் எண்டுதான் சொல்லுறன். கட்டினவன் எண்டு சொல்லேல்லை. கட்டினது நான்.

அவன், தான் கட்டினதெண்டு சொல்லிப்போட்டானோ.

அவன் சொல்லுவான் சேர். மாமனைக் காட்டிக் குடுக்கிற பிள்ளை இல்லை. அதோட உள்ளுக்கு இருக்கிறவையைச் சொல்லவைக்கிற விதம்... சரி, நான் அதைக் கதைக்கேல்லை. எழுதியிருந்தாலும் வெட்டி விடுங்கோ. கடலில பிறந்து வளர்ந்தவன், காரைப்பற்றி அவனுக்கு என்ன தெரியும். வலைக்காரன்ர பிள்ளை எண்டபடியா ஈயம் அவன்ர எண்டு நினைக்கிறியள். என்ர வீட்டிலயும் ஈயம் இருக்கு.

முடிச்சோ? எந்த முடிச்சு?

ஓ. ஈயப் பையின்ர வாயைக் கட்டின முடிச்சு.

அது வலைக்காரர் போடுற முடிச்சுத்தான். இழுக்க இழுக்க இறுகும், உப்புத் தண்ணியில கிடந்தாலும் அவிழாது. ஓம், நானும் போடுவன். இத்தனை வருசம் துறையில சீவிச்சு முடிச்சுப் போடத் தெரியாதோ.

தாங்கோ அந்த நூலை.

இப்பிடி ஒரு சுத்து. பேந்து உள்ளால எடுத்து... இல்லை, மேலால. கொஞ்சம் பொறுங்கோ. சுகர் வருத்தக்காரன் சேர், கிட்டத்தில கண் மங்கல். இப்பிடி வந்து, இதுக்குள்ளால போய்... அவிழுது. இன்னொருக்கா. அந்தத் தம்பியைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ, நிழல் விழுது.

சரி. விடுங்கோ. எனக்கு வராது.

தேப்பன் வெல்டர், நானும் வெல்டர். ஒருநாள்கூட வலை தொட்டதில்லை. நூலைப் பிடியுங்கோ சேர்.

கோவப்படாதேங்கோ, போறதுக்கு முதல் ஒண்டு கேளுங்கோ. ஈயத்தை ஆர் கட்டினதெண்டு உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது. ஆனா அது குண்டில்லை எண்டும் உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது. ஸ்விச்சை முறுக்கிப் பாத்தனீங்கள்தானே, என்ன நடந்தது, இஞ்சின் நிண்டதுதானே. உங்கட முகத்தில தெரியுது. உங்களுக்கும் மேல ஆக்கள் இருக்கினம், பிடிச்ச காருக்கு ஒரு ஆளைக் காட்டவேணும், சும்மா விட்டா உங்களைக் கேப்பினம். அதுவும் எனக்கு விளங்குது. என்ர மூத்தவனை எண்பத்தஞ்சில இப்பிடித்தான் கொண்டுபோனவை. நாளைக்கு வா, நாளைக்கு வா எண்டு ஒரு கேற்றில எங்களை நிப்பாட்டினவை, பேந்து அந்தக் காம்பையே அங்கயிருந்து எடுத்திட்டினம். கேக்கிறதுக்குக் கேற்றும் இல்லை. சிசிலியாவை நான் அப்பிடி நிக்க விடமாட்டன். என்னால ஏலாது சேர்.

கராஜ் என்ர பேரில. வெல்டிங் என்ர. ஸ்விச் என்ர. ஈயத்தை மட்டும் நீங்கள் முடிச்சைப் பாக்காம எழுதுங்கோ. கிழவன் கட்டினவன் எண்டு எழுதினா உங்கட பெரியவர் வந்து என்னட்டை நூலைத் தரப்போறாரோ.

இல்லை, இந்த உடுப்புப் பையை உள்ள அனுப்பவேண்டாம். அது யேசுதாசனுக்குக் கொண்டந்ததில்லை. சேட் ஒண்டை எடுத்து விரிச்சுப் பாருங்கோ, அந்த நெடுவலுக்கு அது இடுப்புக்கும் வராது. மார்த்தாதான் அடுக்கித் தந்தவ, ஒண்டும் கேக்கேல்லை. சாரம், துவாய், சவர்க்காரம். அடியில குளிசை கிடக்குது, காலமையும் பின்னேரமும் சாப்பாட்டுக்கு முன்னம். அதை மட்டும் எடுத்து வைச்சிடாதேங்கோ.

அவனை விடேக்க, சிசிலியா கேற்றடியிலதான் நிப்பாள். மாமா உள்ள ஒரு இஞ்சின் பாத்துக் குடுக்க நிண்டிட்டார், வரச் சுணங்கும் எண்டு சொல்லச் சொல்லுங்கோ.