கம்பத்துக்குள் மாட்டிக்கொண்ட பாய்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுக்காரர் போனில் கத்தினார். "பாய் கம்பத்துக்குள்ள மாட்டிக்கிட்டா ஒடனே சொல்ல மாட்டியாடா?"

பக்கத்து சீட்டு அம்மா பதறிப்போனார். "ஐயோ, எந்தத் தெரு பாய்ங்க?"

"ஆளு இல்லம்மா, படகுப் பாய். கம்பத்துக்குள்ளயே சுருட்டி வெக்கிறது. என் மச்சான் வெளிநாட்டுல ஒரு வெள்ளக்காரர் படகப் பாத்துக்கறான். முன்னாடி அதுல நான் இருந்தேன்."

ஸ்பீக்கரில் மச்சான் குரல் வந்தது. "காத்து ஏறுது மாமா. பாய் உள்ள போவலன்னா நங்கூரத்தயே புடுங்கிடும்."

"மொரட்டுத்தனமா முறுக்காத. கொஞ்சம் வெளிய இழு, மடிப்பு போவட்டும். மேல தூக்குற கயித்த லேசா லூசு பண்ணு. பாய வெளிய இழுக்குற கீழ்க்கயித்த ஒரேடியா விட்டுடாம, புடிச்சிகிட்டே சுத்து."

"ரெண்டு கைதான மாமா இருக்கு."

"ஓனரு எங்க?"

"ஊருக்குப் போயிட்டாரு. பேசக்கூட ஆளில்ல."

பிறகு அவன் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள் போன் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள போயிடுச்சு மாமா!"

"அப்பாடா," என்றார் அந்த அம்மா.

"புதுச்சத்திரம்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

"சரி மச்சான், வெச்சிடவா?"

"வேணாம் மாமா. நம்ம ஊரு பேர அந்தக் கண்டக்டர இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க."

அந்த அம்மாவே போனை வாங்கிக் கண்டக்டரிடம் நீட்டினார். அவர் குனிந்து, நிதானமாக, "புதுச்சத்திரம் எறங்குப்பா," என்றார்.

போனிலிருந்து மச்சான் குரல் வந்தது.

"எறங்கிட்டேண்ணே."