சாக்பீஸ் தின்ற செல்லி

தலைமை ஏற்றிருக்கும், நான் எப்போது பேச்சை முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே! மருந்துப் பெட்டியோடு மேடைக்கருகே மேசை போட்டு அமர்ந்திருக்கும் நர்சம்மா சகாயமேரி அவர்களே! வத்தல்மலையிலிருந்து கல்லும் முள்ளும் மிதித்து இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் ஒரு பிள்ளையும் கைப்பிடியில் ஒரு பிள்ளையுமாய் நிற்கும் தாய்மார்களே! இந்த அடிவாரப் பள்ளியின் தலைமையாசிரியன் கிருஷ்ணப்பனின் பணிவான வணக்கம்.

ஆண்டு விழா மேடையில் சாதனைகளை அடுக்குவது வழக்கம். எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் பந்தயத்தில் வென்றார்கள் என்று எழுதிய காகிதம் என்னிடமும் இருக்கிறது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். இன்று உங்கள் முன் என் குற்றத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

போன ஆண்டு, எழுபத்தொன்றில், ஐந்தாம் வகுப்பில் சாக்பீஸ் காணாமல் போயிற்று. ஒரு நாளா? இரு நாளா? நாள்தோறும் போயிற்று. பெட்டியைப் பூட்டினேன், கரும்பலகைக்குக் கீழே விழுந்த துண்டுகளும் மறைந்தன. ஒருநாள் செல்லியின் பாவாடை மடிப்பில் மூன்று துண்டுகள் அகப்பட்டன. செல்லி யார்? மலையிலிருந்து நடந்து வரும் மாதையனின் மகள். கணக்குப் போடும்போதே கண் செருகித் தூங்குபவள். சோம்பேறி என்று முன்பே அவளுக்குப் பெயர் வைத்திருந்தேன். அன்று திருடி என்றும் வைத்தேன்.

காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலும் அவளை நிறுத்தினேன். "எதுக்குடி எடுத்த? வூட்டுச் சுவத்துல கிறுக்கவா?" என்று அதட்டினேன். உள்ளங்கையில் பிரம்பால் ஆறு அடி அடித்தேன். ஆறாவது அடிக்குப் பிறகு மெல்லச் சொன்னாள்: "திங்கத்தானுங்க சார்." பிள்ளைகள் சிரித்தார்கள். தாய்மார்களே, நானும் சிரித்தேன்.

அடிபட்ட கை சிவக்க வேண்டாமா? அவள் கை சிவக்கவில்லையே! வெளுத்தே கிடந்ததே! படித்தவன், பயிற்சி பெற்றவன், பாடம் நடத்துகிறவன், பார்த்தும் புரியாமல் நின்றேன். அடுத்த நாளிலிருந்து செல்லி பள்ளிக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மை குத்த வந்த நர்சம்மாவிடம் இதை ஒரு வேடிக்கை போலச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சார், அந்தப் பொண்ணு வூட்டைக் காட்டுங்க" என்றார். இருவரும் மலையேறினோம். எழுந்து உட்காரவும் தெம்பில்லாமல் செல்லி சுருண்டு கிடந்தாள். நர்சம்மா அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் சாக்பீஸைப் போல வெளுத்திருந்தது. "ரத்தமே இல்லைங்க சார். இப்படி இருக்கற புள்ளைங்க மண்ணு, சாம்பல், சுண்ணாம்புன்னு கெடைச்சதைத் திங்கும். வெறுங்கால்ல நடக்கறதால வயித்துல கொக்கிப்புழு வேற இருக்கும்" என்றார்.

அவள் தாய் நஞ்சம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கத்தான்னு சொன்னாளாமே சார். ஏன் திங்கறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?" என்றார். ஏன் அடித்தீர்கள் என்று அவர் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதோ இந்தக் கேள்வி; அதைத்தான் இந்த மேடைக்குச் சுமந்து வந்திருக்கிறேன்.

மலையில் விளையும் கேழ்வரகு எங்கே போகிறது? தருமபுரிச் சந்தைக்கு! கொள்ளும் அவரையும் எங்கே போகின்றன? தருமபுரிச் சந்தைக்கு! ஊருக்கெல்லாம் உரமூட்டும் உணவை உழைத்து விளைப்பவரின் பிள்ளை ஒரு துண்டு சாக்பீஸைத் தின்று பசியாறுவதா? அதற்குப் பிரம்படி கொடுப்பதற்கா எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது?

அதன் பிறகு இப்பள்ளியின் மலைப்பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரின் இமையையும் நர்சம்மா பார்த்தார். முப்பத்தொரு பேருக்கு வெளுப்பு. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் யாருக்கு எவ்வளவு மருந்து என்று தெரியும். அந்த மேசை அதற்காகத்தான்.

என்ன ஐயா, பின்வரிசையில்? சத்தமாகச் சொல்லுங்கள். "ரத்தத்த எடுத்து டவுன்ல வித்துப்புடுவாங்களாமே" என்கிறீர்களா? சிரிக்காதீர்கள், யாரும் சிரிக்காதீர்கள்! சிரித்துத்தான் நான் ஒரு முறை கெட்டேன். உங்கள் பயம் நியாயம் ஐயா. உங்கள் பிள்ளையை அடித்தவனே கூப்பிட்டால் எப்படி நம்புவீர்கள்?

ஆகையால் முதல் துளி என்னுடையது. நர்சம்மா, இதோ வலக்கை. பிரம்பு பிடித்த கை இதுதான், இதிலேயே குத்துங்கள்... பார்த்தீர்களா, பெரியோர்களே? ஒரே ஒரு துளி. எறும்பு கடித்த அளவுதான்.

செல்லி, எழுந்திரு அம்மா. நான்கு மாதம் மாத்திரை தின்று, கீரை தின்று, மறுபடி பள்ளிக்கு வந்தவள் இவள்தான். இவளை எல்லோர் முன்னிலும் திருடி என்றேன். எல்லோர் முன்னிலும் சொல்கிறேன்: நீ திருடி இல்லை, பசியும் நோயும் உன்னைத் தின்றன, கண்ணிருந்தும் நான் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

அதோ, மாதையன் தன் சின்ன மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேசைக்கு வருகிறார். வாருங்கள் ஐயா. பின்வரிசைப் பெரியவரே, நீங்களும் எழுந்துவிட்டீர்களா? வழி விடுங்கள், வழி விடுங்கள். இனி நான் பேச ஒன்றுமில்லை. மன்னிக்க வந்த மலைக்கும், கேட்டிருந்த உங்களுக்கும் என் நன்றி. இந்தக் கை கூப்பிய வணக்கம்.